விருப்பப் பாடம் - யாருடைய விருப்பம்?

எம்.ஏ. ஆங்கிலம் சேர்ந்த முதல் வாரத்தில் கையில் ஒரு சிலபஸ் தாளைக் கொடுப்பார்கள். கோர் பேப்பர் இத்தனை, எலக்டிவ் இத்தனை, ஒவ்வொன்றுக்கும் இத்தனை கிரெடிட் என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கும். எலக்டிவ் என்ற கட்டத்தில் மட்டும் 'இது அல்லது அது' என்று இருக்கும். டீச்சராக வேண்டும் என்றே ஊரிலிருந்து கிளம்பி வந்த ஒரு மாணவி, 'ஆங்கில மொழி கற்பித்தல்' என்ற தலைப்பைப் பார்த்ததும் பென்சிலால் ஒரு டிக் போட்டு வைப்பாள். அடுத்த வாரம் துறையிலிருந்து யாராவது வகுப்புக்கு வந்து, "இந்த வருஷம் அதுக்கு ஆள் இல்லம்மா, எல்லாரும் அமெரிக்கன் லிட்டரேச்சரே எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அவ்வளவுதான். தேர்வு முடிந்தது.

ஓட்டலில் உட்கார்ந்ததும் நாலு பக்க மெனு கார்டைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க "அது இல்ல சார், இது ஆயிடுச்சு சார்" என்று இழுத்து, கடைசியில் "பொங்கல் சூடா இருக்கு" என்பார்களே, அதேதான். ஒரே வித்தியாசம், ஓட்டலென்றால் எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விடலாம். இங்கே ஃபீஸ் கட்டியாகிவிட்டது, டி.சி.யும் உள்ளே போய்விட்டது.

இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் 'சாய்ஸ் பேஸ்டு கிரெடிட் சிஸ்டம்'. பெயரிலேயே சாய்ஸ் இருக்கிறது. யாருடைய சாய்ஸ் என்பதுதான் கேள்வி. அந்த வருடம் எந்த ஆசிரியர் இருக்கிறார், யார் மாற்றலாகிப் போனார், எந்த பேப்பருக்கு நோட்ஸ் ஏற்கெனவே தயாராக இருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்து தீர்மானிக்கிற டைம்டேபிளின் சாய்ஸ் அது. மாணவிக்கு அதில் பங்கே இல்லை.

சரி, ஒரு எலக்டிவ் போனால் என்ன, குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். எந்த எலக்டிவ் போகிறது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். ஷேக்ஸ்பியர் போவதில்லை. விமர்சனக் கோட்பாடு போவதில்லை. போவது பெரும்பாலும் மொழி கற்பித்தல், மொழிபெயர்ப்பு, ஆங்கிலக் கல்வியின் வரலாறு போன்றவைதான். அதாவது, படித்து முடித்தபின் அந்த மாணவி எந்த வேலையைச் செய்யப் போகிறாளோ, அந்த வேலையைப் பற்றிய பேப்பர்தான் முதலில் பலியாகிறது.

எம்.ஏ. ஆங்கிலம் முடித்தவர்கள் எங்கே போகிறார்கள்? சிலர் ஐ.டி. கம்பெனிக்கு, சிலர் பேங்க் பரீட்சைக்கு, சிலர் பத்திரிகைக்கு. மிச்சமிருக்கிற பெருங்கூட்டம் போவது வகுப்பறைக்கு. பள்ளியில் ஆங்கில ஆசிரியர், கல்லூரியில் பார்ட் டூ இங்கிலீஷ். மில்டனைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியவருக்குக் கிடைக்கும் முதல் வேலை, பி.காம். முதலாண்டில் எழுபது பேருக்கு முன்னால் நின்று ஒரு சிறு உரைநடைப் பாடத்தை நடத்துவது. அந்த எழுபதில் பாதிப் பேர் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள். அவர்களுக்கு ஒரு பத்தியை வாசிப்பதே மலையேற்றம். அந்த மலையில் அவர்களை எப்படி ஏற்றுவது என்று எம்.ஏ.வின் நாலு செமஸ்டரில் யாராவது சொல்லித் தந்தார்களா? இல்லை. 'ஆள் இல்லம்மா.'

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. கல்லூரி ஆசிரியர் ஆவதற்கான நெட் தேர்வில் ஆங்கிலப் பாடத்துக்கு 2019 முதல் நடைமுறைக்கு வந்த சிலபஸில் பத்து அலகுகள். நாடகம், கவிதை, புனைவு, உரைநடை என்று நான்கு. ஐந்தாவது அலகே மொழியின் அடிப்படைக் கருத்துகளும் கற்பித்தலும்தான். ஆறாவது, இந்தியாவில் ஆங்கிலம் வந்த வரலாறும் வளர்ந்த விதமும். பத்தில் இரண்டு! நாட்டின் தகுதித் தேர்வு ஐந்தில் ஒரு பங்கு இடம் கொடுக்கிற விஷயத்தை, கல்லூரி 'அல்லது' என்ற சொல்லுக்குப் பின்னால் தள்ளிவைத்து, பிறகு அதையும் நடத்தாமல் விடுகிறது. மாணவர்கள் அந்த இரண்டு அலகுகளையும் ஐந்நூறு ரூபாய் கைடு வாங்கி மனப்பாடம் செய்கிறார்கள்.

"அதற்குத்தானே பி.எட். இருக்கிறது?" என்பது துறைகளில் வழக்கமாகக் கிடைக்கும் பதில். எம்.ஏ. என்பது இலக்கியம், கற்பித்தல் வேண்டுமானால் பி.எட். போய்க்கொள் என்று.

முதலில், கல்லூரியில் கற்பிக்க பி.எட். தேவையே இல்லை. எம்.ஏ.வும், நெட் அல்லது செட் அல்லது பிஎச்.டி.யும் இருந்தால் போதும். ஆறாம் வகுப்புக் குழந்தைக்குப் பாடம் நடத்த இரண்டு வருடப் பயிற்சி வேண்டும், பதினெட்டு வயதுப் பையனுக்கு நடத்த ஒரு நாள் பயிற்சியும் வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயமோ. இந்தப் பதிலைச் சொல்லும் பேராசிரியர்களில் பலரே பி.எட். வாசலை மிதிக்காதவர்கள்தான்.

இரண்டாவது, அந்த பி.எட்.டில் ஆங்கிலத்துக்கு என்ன நடக்கிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகளின்படி 2015-16 முதல் பி.எட். இரண்டு வருடமானது. எம்.எட்.டும் இரண்டு வருடமானது. காரணமும் நல்ல காரணம்தான். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி வர்மா ஆணையம் 2012ல் தந்த அறிக்கை, ஆசிரியர் பயிற்சியின் தரத்தைப் பற்றி வருத்தப்பட்டு எழுதியது. ஒரு வருடம் இரண்டானால் ஆழமாகப் படிக்கலாம், பள்ளியில் அதிக நாள் இருக்கலாம் என்பது எண்ணம். விதிப்படி மொத்தம் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். முதல் வருடம் 4, இரண்டாம் வருடம் 16.

நடப்பது என்ன? மைக்ரோ டீச்சிங் என்று ஒன்று. சக மாணவர்களே குழந்தைகளாக நடிக்க, ஐந்தாறு நிமிடம் 'கேள்வி கேட்கும் திறன்', 'கரும்பலகைத் திறன்', 'வலுவூட்டும் திறன்' என்று தனித்தனியாகச் செய்து காட்ட வேண்டும். முப்பது வயதில் ஒரு குழந்தை இருக்கிற அக்கா எழுந்து நின்று, "மிஸ், வாட் இஸ் எ நவுன்?" என்று கேட்பார். எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். பிறகு ரெக்கார்டு. லெஸ்ஸன் பிளான் ரெக்கார்டு, அப்சர்வேஷன் ரெக்கார்டு, சைக்காலஜி ரெக்கார்டு, டீச்சிங் எய்டுக்குச் சார்ட். ராத்திரி ஒரு மணி வரை கோடு போட்டு, கலர் பேனாவால் தலைப்பு எழுதி, சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து அப்படியே இறக்குமதி. பிராக்டிகல் தேர்வன்று பார்க்கிறவர் அட்டையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். குழந்தைகள் ஆங்கிலம் கற்றார்களா என்பதை யாரும் பார்க்கச் சொல்லவில்லையே!

ஆங்கிலம் கற்பித்தல் என்ற தாளில் முறைகளின் பட்டியல் வரும். இலக்கண - மொழிபெயர்ப்பு முறை, நேரடி முறை, இருமொழி முறை, அமைப்பு முறை, தொடர்பாடல் முறை. ஒவ்வொன்றுக்கும் நிறைகள் ஐந்து, குறைகள் ஐந்து. பரீட்சையில் பத்து மார்க். அந்த முறைகளில் எதையாவது அந்த வகுப்பிலேயே பயன்படுத்திப் பார்த்ததுண்டா? தொடர்பாடல் முறையைப் பற்றி டிக்டேஷன் கொடுக்கிற வகுப்புகளை இந்த நாட்டில்தான் பார்க்க முடியும்.

இந்த முறைப் பட்டியல் விஷயத்தில் ஒரு தமிழ்நாட்டுக் கதை இருக்கிறது. எம்.ஏ.வும் சொல்லித் தராமல், பி.எட்.டும் ஒரு வரியில் தாண்டிப் போகிற கதை. 1960 வாக்கில் சென்னை மாகாணத்தில், ஆரம்ப நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்க ஒரு பெருமுயற்சி நடந்தது. சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் பலருக்குக் கொடுத்து, அப்படியே உருண்டு பெருகுவதால் 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்றே அதற்குப் பெயர். (சென்னையில் பனியுருண்டை! பெயர் வைத்தவர் கண்டிப்பாக மே மாதத்தில் வைத்திருக்க மாட்டார்.) வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்தி, ஒன்றன்பின் ஒன்றாகப் பழக்குகிற அமைப்பு முறையைப் பரப்புவதுதான் அதன் வேலை.

இருபது வருடம் கழித்து, அதே முறையில் திருப்தியில்லாமல் ஒருவர் மாற்றுவழி தேடினார். சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ்.பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பக்கத்துச் சாதாரணப் பள்ளிகளில் சோதனை நடத்தினார். இலக்கணத்தை வரிசையாகச் சொல்லித் தராமல், மாணவர்களுக்கு ஒரு ரயில் கால அட்டவணையையோ ஒரு வரைபடத்தையோ கொடுத்து, 'எந்த ரயிலைப் பிடித்தால் நேரத்துக்குப் போகலாம், ஏன்?' என்பது மாதிரி ஒரு சிக்கலை அவிழ்க்கச் சொல்வது. கவனமெல்லாம் அர்த்தத்தில் இருக்கும்போது மொழி உள்ளே இறங்கும் என்பது அவர் நம்பிக்கை. 1987ல் அதைப் புத்தகமாக எழுதினார். பணி சார்ந்த மொழிக் கற்பித்தல் என்று உலகம் முழுக்கப் பேசப்படுகிற முறைக்கு இது ஒரு முன்னோடி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் மொழி கற்பித்தல் படிப்பவர்கள் 'பெங்களூர் ப்ராஜெக்ட்' என்று இதைப் படிக்கிறார்கள். சென்னையில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்த எத்தனை பேருக்கு பிரபுவின் பெயர் தெரியும்?

அவரே 1990ல் ஒரு கட்டுரை எழுதினார். 'சிறந்த முறை' என்று ஒன்று ஏன் இருக்க முடியாது என்பதுதான் விஷயம். எந்த முறை என்பதைவிட, தான் செய்வது ஏன் பலிக்கிறது என்று ஆசிரியருக்குள் ஓர் உயிருள்ள புரிதல் இருக்கிறதா என்பதே முக்கியம் என்று வாதாடினார். நிறை ஐந்து, குறை ஐந்து என்று எழுதவைக்கிற பி.எட். தாளுக்கு முப்பத்தைந்து வருடத்துக்கு முன்பே சொல்லப்பட்ட பதில் அது.

இலக்கியத் துறைக்கும் ஆசிரியர் கல்விக்கும் இடையில் ஏன் இப்படி ஒரு சுவர்? மனோபாவம் பாதி, நிர்வாகம் பாதி. 2008ல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டு, அதுவரை அந்தந்தப் பகுதிப் பல்கலைக்கழகங்களின் கீழ் இருந்த பி.எட். கல்லூரிகள் எல்லாம் அதன்கீழ் கொண்டுவரப்பட்டன. ஒரே மாதிரி சிலபஸ், ஒரே மாதிரி தேர்வு என்பதற்கு அது உதவியிருக்கலாம். ஆனால் விளைவு என்ன? ஆங்கிலத் துறை ஒரு பல்கலைக்கழகத்தில், ஆங்கிலம் கற்பிக்கச் சொல்லித் தரும் துறை இன்னொரு பல்கலைக்கழகத்தில். ஒரே டிரஸ்ட், ஒரே காம்பவுண்டு, ஒரே கேன்டீன். ஆர்ட்ஸ் காலேஜ் மாணவி எதிர்க் கட்டடத்தில் இருக்கிற பி.எட். காலேஜில் ஒரு பேப்பரை எலக்டிவாக எடுத்து அதற்குக் கிரெடிட் வாங்க வழியில்லை. சிலபஸில் வேறு துறைப் பாடம் ஒன்று எடுத்தே ஆகவேண்டும் என்று விதி வேறு! அதற்கு அவள் எங்கே போகிறாள்? டைம்டேபிள் தள்ளிவிடுகிற இடத்துக்கு.

இந்தப் பிளவு தேர்வு வரைக்கும் போகிறது. முதுகலை ஆசிரியர் பணிக்கு டி.ஆர்.பி. நடத்துகிற தேர்வில் பாடத்துக்கு 110 மதிப்பெண், கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10. மொத்தம் 150. அந்த 30 மதிப்பெண் கல்வியியல் எல்லாப் பாடத்துக்காரர்களுக்கும் பொது. விலங்கியல்காரரும் ஆங்கிலக்காரரும் அதே பியாஜே, அதே ஸ்கின்னர். 110ல் இலக்கியம், 30ல் மனோதத்துவம். ஒரு கவிதையைப் பதினோராம் வகுப்பில் எப்படி நடத்துவது என்பதற்கு 150ல் எங்கே இடம்? எம்.ஏ.வும் பி.எட்.டும் ஒட்டுகிற இடத்தில்தானே ஆசிரியர் இருக்கிறார்? அந்த இடத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை.

எம்.எட். பக்கம் போனால் நிலைமை மாறும் என்று நினைத்தால், அங்கே ஆங்கிலம் என்ற பேச்சே குறைவு. தத்துவம், சமூகவியல், உளவியல், ஆராய்ச்சி முறை, கலைத்திட்டம் என்று பொதுவாகப் போகும். ஆங்கிலம் தலைகாட்டுவது ஆய்வேட்டில். தலைப்பைப் படிக்காமலேயே சொல்லிவிடலாம்: இந்த மாவட்டத்தின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் ஆங்கிலம் பற்றிய மனப்பான்மையும் அவர்களின் கற்றல் அடைவும். முந்நூறு பேருக்கு ஒரு வினாத்தாள். ஆண் - பெண், நகரம் - கிராமம், அரசு - தனியார் என்று பிரித்து ஒரு 't' சோதனை. முடிவு: 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை'. அல்லது 'உண்டு'. இரண்டில் எது வந்தாலும் பைண்டிங் கடையில் ரேட் ஒன்றுதான். அந்த முந்நூறு பேரில் ஒரு பையன் ஏன் 'ரீட்' என்ற சொல்லை இரண்டு விதமாக உச்சரிக்க வேண்டும் என்று முழிக்கிறான், அவனுக்கு என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து பார்த்தால் அதுதானே ஆராய்ச்சி?

இந்தப் பிரிவினை நேற்று வந்ததல்ல. ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக இங்கே வந்த கதையே விசித்திரமானது. 1835ல் மெக்காலேயின் குறிப்பு, 1857ல் சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்கள். ஆக்ஸ்போர்டில் ஆங்கிலத்துக்கென்று தனி ஹானர்ஸ் படிப்பு வந்தது 1894ல்தான். அங்கே கிரேக்கமும் லத்தீனும்தான் படிப்பு என்றிருந்த காலத்தில், இங்கே பையன்கள் ஷேக்ஸ்பியரை உருப்போட்டுக்கொண்டிருந்தார்கள். கௌரி விஸ்வநாதன் 1989ல் எழுதிய புத்தகம் இதைத்தான் விரிவாகச் சொல்கிறது. ஆளப்படுகிறவர்களைப் பண்படுத்துவதற்கான கருவியாக வந்த பாடம் இது. அந்த பாவனை இன்னும் போகவில்லை. இலக்கியம் உயர்ந்தது, கற்பித்தல் கூலி வேலை. 'அவர் ஈ.எல்.டி. ஆளு' என்று ஸ்டாஃப் ரூமில் சொல்கிற தொனியைக் கவனித்திருக்கிறீர்களா? அந்தத் தொனிக்கு வயசு நூற்றைம்பது.

1990களில் இதையெல்லாம் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. கருத்தரங்குகள், தொகுப்புகள், காலனிய நீக்கம் என்று. நல்லதும் நடந்தது. இந்திய எழுத்து, தலித் எழுத்து, மொழிபெயர்ப்பு இலக்கியம் எல்லாம் சிலபஸுக்குள் வந்தன. ஆனால் மாறியது புத்தகப் பட்டியல். வகுப்பு மாறவில்லை. பாமாவின் நாவலையும் அதே பழைய முறையில்தான் நடத்துகிறார்கள்: ஆசிரியர் குறிப்பு, கதைச் சுருக்கம், பாத்திரப் படைப்பு, முக்கியக் கேள்வி ஐந்து. காலனியத்தைத் திட்டுகிற பேப்பரையும் டிக்டேஷனில்தான் எழுத வேண்டியிருக்கிறது.

மாற்று வழிகளே இல்லையா என்றால், இருக்கின்றன. தெரிந்தால் போகலாம். மைசூரில் இருக்கிற மண்டலக் கல்வி நிறுவனம் 1963ல் தொடங்கியது. பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்கு வருடப் படிப்புக்குப் பெயர் பெற்ற இடம். தமிழ்நாடும் அதன் எல்லைக்குள்தான் வருகிறது. பிளஸ் டூ முடிக்கும்போதே தெரிந்திருந்தால்தான் பிரயோஜனம். ஹைதராபாத்தில் 1958ல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கி, 2007ல் மத்தியப் பல்கலைக்கழகமான 'இஃப்லு'வில் ஆங்கிலம் கற்பிப்பதற்கென்றே முதுகலைச் சான்றிதழ், டிப்ளமோ படிப்புகளை நீண்ட காலமாக நடத்திவந்திருக்கிறார்கள். கல்வியை ஒரு துறையாகப் படிக்க வேண்டுமென்றால், டாடா சமூக அறிவியல் நிறுவனம் 2006ல் தொடக்கக் கல்வியில் எம்.ஏ. தொடங்கியது. பெங்களூர் அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் கல்வியில் எம்.ஏ. இருக்கிறது. ஆனால் ஒன்றை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கல்வியில் எம்.ஏ. வேறு, எம்.எட். வேறு. முந்தையதற்கு பி.எட். தேவையில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. எம்.எட்.டுக்கு பி.எட். வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் இரண்டு வருடத்தையும் அப்பாவின் பி.எஃப். பணத்தையும் தொலைத்தவர்கள் உண்டு.

தொலைநிலையில் இக்னோ எம்.ஏ. ஆங்கிலத்தின் விருப்பப் பாடப் பட்டியலைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். 'இந்தியாவில் ஆங்கிலப் படிப்புகள்' என்றே ஒரு பேப்பர். விளிம்புநிலை எழுத்து, ஒப்பிலக்கியம், இந்திய நாட்டார் இலக்கியம் என்று நீளும். அங்கே டைம்டேபிள் இல்லை, அதனால் தேர்வு உண்மையிலேயே மாணவர் கையில். வகுப்பறை இருக்கிற இடத்தில் தேர்வு இல்லை, தேர்வு இருக்கிற இடத்தில் வகுப்பறை இல்லை!

எதிர்வாதங்கள் சில வரும். இலக்கியம் படிப்பது வேலைக்காக அல்ல, எம்.ஏ.வை ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாக்கிவிட்டால் மில்டன் என்ன ஆவார் என்பது ஒன்று. மில்டனை யாரும் தூக்கச் சொல்லவில்லை. அவர் இப்போதே கைடு புத்தகத்தில்தான் குடியிருக்கிறார். மூலத்தைப் பிரிக்காமலேயே முதல் வகுப்பில் தேறலாம் என்ற நிலையை வைத்துக்கொண்டு இலக்கியத்தின் புனிதத்தைப் பேசுவது வேடிக்கை. ஒரு கவிதையைப் புரியவைக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்தால்தான் அதை உண்மையில் படிக்கவே தோன்றும். கற்பிக்கப் பழகுவது இலக்கியத்துக்கு எதிரி என்று யார் சொன்னது?

இன்னொன்று, ஆள் இல்லை என்பது. இது உண்மைதான். நிரந்தரப் பணியிடங்கள் காலியாகக் கிடக்க, கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டுகிற துறைகளில் எத்தனை எலக்டிவ் நடத்த முடியும்? அந்தக் கோபம் அரசின் மேல் போக வேண்டியது. ஆனால் ஆள் இல்லாத நிலைமையில் எதை வெட்டுவது என்று முடிவெடுப்பது துறைதானே. அந்த வெட்டு ஒவ்வொரு வருடமும் ஒரே இடத்தில் விழுந்தால் அதை ஆள் பற்றாக்குறை என்று மட்டும் சொல்ல முடியாது.

மூன்றாவது வாதம் மாணவர்களுக்கே வலிக்கும். விட்டால் இவர்கள் எதை எடுப்பார்கள்? சீனியரிடம் நோட்ஸ் இருக்கிற பேப்பரைத்தான் எடுப்பார்கள் என்பார்கள் ஆசிரியர்கள். அதுவும் பொய்யில்லை. சிலபஸ் புத்தகத்தை முழுதாகப் படித்த மாணவர்களை விரல்விட்டு எண்ணலாம். எலக்டிவ் மறுக்கப்பட்டபோது வகுப்பில் ஒரு கை கூட உயராததுதான் வழக்கம். ஆனால் கேட்காத வீட்டில் சோறு போடாமல் இருப்பதற்கு அது ஒரு சாக்கு ஆகாது. முதல் தலைமுறையாகப் பட்ட மேற்படிப்புக்கு வருகிற பிள்ளைக்கு, எதைக் கேட்கலாம் என்பதே தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் யார்?

செய்ய வேண்டியதொன்றும் ஆகாயத்திலிருந்து இறங்க வேண்டியதல்ல. கடந்த மூன்று வருடத்தில் எந்தெந்த எலக்டிவ்கள் உண்மையில் நடந்தன என்று விண்ணப்பப் படிவத்தோடு ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்கச் சொல்லலாம். ஒரு பைசா செலவில்லை. ஆங்கிலம் கற்பித்தலை 'அல்லது' வரிசையிலிருந்து எடுத்துக் கோர் பேப்பராக்கலாம். அதை ஒரு தியரித் தாளாக வைத்தால் அதுவும் நிறை ஐந்து குறை ஐந்தாகிவிடும் என்பதால், கூடவே வகுப்பறை வேலை வேண்டும். எம்.ஏ.விலேயே இன்டர்ன்ஷிப்புக்குக் கிரெடிட் கொடுக்கிற பல்கலைக்கழகங்கள் இப்போது இருக்கின்றன. எங்கோ ஒரு கம்பெனியில் தெரிந்தவரைப் பிடித்து லெட்டர்ஹெட்டில் சர்டிபிகேட் வாங்குகிற சடங்காக அது போய்க்கொண்டிருக்கிறது. அதே நாட்களைக் கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்கிற அரசு உயர்நிலைப் பள்ளியில், ஏழாம் வகுப்பில் ஒரு பத்துப் பிள்ளைகளோடு வாசிப்பதில் செலவழிக்கட்டுமே. கல்லூரி முதலாண்டு பார்ட் டூ வகுப்பே கீழ்மாடியில் இருக்கிறதே, அதற்குப் பஸ் கட்டணம்கூட ஆகாது.

பி.எட். பக்கம், மைக்ரோ டீச்சிங் நாடகத்தில் பாதியைக் குறைத்துவிட்டு, பயிற்சி ஆசிரியர்களையே ஆங்கிலத்தில் படிக்கவும் எழுதவும் வைக்கலாம். தானே ஒரு நாவலை ஆங்கிலத்தில் முழுதாக வாசித்திராதவர் எந்த முறையில் கற்பித்தாலும் பலன் ஒன்றுதான். இரண்டு பல்கலைக்கழகங்களும் உட்கார்ந்து பேசி, காம்பவுண்டுக்குள்ளேயே நடந்துபோய் ஒரு பேப்பர் எடுக்கக் கிரெடிட் வழி செய்யலாம். 2025ல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வெளியிட்ட வரைவு விதிகள், முதுகலை முடித்தவர்களுக்கு ஒரு வருட பி.எட். என்ற யோசனையை முன்வைத்தன. ஒரு வருடமாகச் சுருக்குவதென்றால் இந்தப் பேச்சு இன்னும் அவசரமாகிறது. குறைகிற அந்த வருடத்தின் பாரத்தை எம்.ஏ. சுமக்காமல் யார் சுமப்பது?

இன்றைய கணக்கை ஒரு தரம் கூட்டிப் பாருங்கள். பி.ஏ. மூன்று வருடம், எம்.ஏ. இரண்டு, பி.எட். இரண்டு. ஆக ஏழு. இந்த ஏழு வருடத்தில், ஆங்கிலம் தெரியாத ஒரு நிஜமான குழந்தையின் முன்னால் அந்த மாணவி நிற்பது விதிப்படி 20 வாரம். அதுவும் ஐந்தாவது வருடத்துக்குப் பிறகு. அதற்குள் பென்சில் டிக் போட்ட அந்தத் தாள் எங்கேயோ போயிருக்கும். ஜூனில் ஏதோ ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பு 'பி' செக்ஷனை அவளிடம் கொடுப்பார்கள். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை, புத்தகத்தில் ஒரு வரியை விரலால் தொட்டுக்கொண்டு, "மிஸ், இதை எப்படிப் படிக்கணும்?" என்று கேட்கும்.